கிரிகோரிஸின் நடை

எட்வின் பத்திரகேக்கு மேடைப் பயம் மட்டும்தான் கிடையாது. மற்ற எல்லாப் பயமும் உண்டு. நாய்க்குப் பயம், பொலிஸ்காரனுக்குப் பயம், இடி முழக்கத்துக்குப் பயம், மாமனாருக்கு அவர் செத்துப்போன பிறகும் பயம். திரையில் மீசையை முறுக்கிக்கொண்டு, ஏழைகளின் காணியைப் பிடுங்கும் ஊர்த் தலைவனாக வந்து நின்றாரென்றால் பின்வரிசைப் பெண்கள் வாய்விட்டுத் திட்டுவார்கள். அதே மனிதர் வீட்டில் தோளில் பல்லி விழுந்தால் மனைவி யசவதியைத்தான் கூப்பிடுவார். ஒருமுறை சந்தையில் ஒரு மீன்காரி, படத்தில் அவர் ஒரு அநாதைப் பெண்ணை அடித்ததற்காக அவருக்குச் சூரை மீன் தரமாட்டேன் என்றுவிட்டாள். எட்வின் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கருவாடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவருடைய கலையே பயத்தில் பிறந்ததுதான். மாத்தறைப் பக்கத்துக் கடற்கரை ஊரான வெல்லதொட்டவில், ரயில் கடவைக் காவல்காரன் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தகப்பன் குடிகாரன், அடிக்கவும் கை நீளும். பயந்த பிள்ளை யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கும். தகப்பன் எவ்வளவு குடித்திருக்கிறார் என்பதைப் வாசல் படலையில் விழும் முதல் அடியிலேயே தெரிந்துகொள்ளப் பழகிய பிள்ளைக்கு, ஊரிலுள்ள எல்லாருடைய நடையும் அத்துப்படியாகிவிட்டது. பள்ளிப் பரிசளிப்பு விழாவில், ஒரு வார்த்தை பேசாமல், தலைமை ஆசிரியரைப் போல மேடையில் ஒரு தரம் குறுக்கே நடந்தார். மண்டபம் வயிறு வலிக்கச் சிரித்தது. தலைமை ஆசிரியரும் சிரித்தார். அடுத்த நாள் பிரம்பால் விளாசினார். எட்வினுக்கு இரண்டும் மறக்கவில்லை.

பிறகு கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. பகலில் கோப்பு, பொழுதுபட்டால் ஒத்திகை. ஏழெட்டு நாடகம் எழுதினார். நடிகர்களைத் தேர்வு செய்யும்போது வசனம் பேசச் சொல்லமாட்டார், வாசலிலிருந்து சன்னல் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுவார். படக்காரர்கள் அவரைத் தேடி வந்ததும் அந்த நடையைப் பார்த்துத்தான். ஒவ்வொரு வில்லனுக்கும் ஒவ்வொரு நடை வைத்திருந்தார். ஊரில் கலியாண வீடென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். அவர் முற்றத்தில் நடப்பார், சனம் ஆளைக் கண்டுபிடிக்கும். "ஐயோ, அது நம்ம பேக்கரிப் பாண் முதலாளி!" "இது பன்சலை விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோற லீசோ அக்கா!" ஒருவர்கூடப் பிழையாகச் சொன்னதில்லை.

அவருடைய நாடகங்களுக்கு மேளம் வாசித்தவர் சொந்த ஊர்க்காரர் கிரிகோரிஸ். பேய்க்குச் சாந்தி செய்யும் சடங்குகளில் வாசித்து வளர்ந்த கை. ஊர் ஊராக மேளத்தைச் சுமந்து நடந்ததில் இடது தோள் இறங்கிப்போயிருந்தது, வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. மூன்றாவது அடியில் ஒரு சின்ன இழுப்பு. மேளம் கையில் இல்லாத நேரத்தில் காலால் வாசிக்கிறார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். கிரிகோரிஸ் நெஞ்சுவலியில் போனார், அதோடு எட்வினின் நாடகங்களில் பாதி உயிரும் போனது.

அதன் பிறகு எழுதியதுதான் 'சாக்குக்காரன்'. சிரிப்பு நாடகம். ஒரு மகாராசாவின் அரண்மனையில் பலாப்பழம் களவு போய்விடுகிறது. கள்ளனைக் கண்டுபிடிக்க ஒருவனைத் தலையில் சாக்கைக் கவிழ்த்துக் கொண்டுவருகிறார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவனுக்குத் தண்டனை. சாக்கின் ஓட்டை கண்ணுக்கு நேராக இல்லாததால் அவன் தூணுக்குத் தலையாட்டுவான், மாட்டுக்கு ஆட்டுவான், கடைசியில் மகாராசாவுக்கே ஆட்டுவான். பிள்ளைகள் சோறு தின்னாவிட்டால் 'கோணிபில்லா வந்து சாக்கில போட்டுக்கொண்டு போவான்' என்று சொல்லி வளர்க்கிற ஊர்களில் அந்த நாடகம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

சாக்குக்காரனாக நடித்தவன் சந்திரசோம. எல்லாருக்கும் சோமே. நெட்டையன், நல்லவன், வசனம் மட்டும் வராது. "மகாராசா வருகிறார்" என்கிற ஒரு வரிக்கே வியர்த்துக் கொட்டுகிறவன். அதனால் ஈட்டி பிடித்தே வயசு போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறக்கத் தேவையில்லாத அந்த வேடம் அவனுக்காகவே செய்தது போலிருந்தது. எட்வின் அவனுக்கு நாட்கணக்கில் தலையாட்டப் பழக்கினார்.

"சோமே, ஆட்டாத. ஆட்டினா அது ஆட்டுக்கடா. நாடியை இறக்கு. இறக்கிட்டு அங்கயே வச்சிரு. சனம் சிரிக்கிறதுக்கு முந்திக் கொஞ்சம் பயப்படோணும்."

"சரி அண்ணே."

"அதோட அந்தக் கால் பெருவிரலைக் கீழ வையடா! எத்தனை வருசமாச் சொல்றன்? நிண்டா உடனே இடதுகால் பெருவிரல் மேல போகுது. சாக்குக்குள்ள உன்ட மூஞ்சி தெரியாது, விரல் தெரியும்."

"நான் தூக்கிறேல்ல அண்ணே, அது தானா எழும்புது."

அந்தப் பெருவிரல் கடைசி வரைக்கும் இறங்கவேயில்லை.

நாடகம் நின்று சில வருசத்தில் எண்பத்தொன்பது வந்தது. அந்த வருசத்தைப் பற்றித் தெற்கில் கேட்டால் இன்றைக்கும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் சுவரில் ஒட்டிய துண்டுக் கடுதாசியால் ஊரை ஆண்ட கிளர்ச்சிக்காரரின் 'சின்ன அரசாங்கம்'. கடையை மூடு என்றால் மூட வேண்டும். விளக்கை அணை என்றால் அணைக்க வேண்டும். செத்தவனின் பெட்டியை முழங்காலுக்கு மேல் தூக்காதே என்றால், அதையும் கேட்டுக் குனிந்து சுமக்க வேண்டும். பகலில் இராணுவம் வந்து ஆட்களைக் கொண்டுபோனது, இரவில் மற்றவர்கள் கொண்டுபோனார்கள். காலையில் சந்தியில் டயர் புகைந்துகொண்டிருக்கும். அதில் எரிந்து கிடப்பது யார் என்று பார்க்கப் போகிற தாய்மாரை எட்வின் சன்னல் சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்தார். கொழும்பில் கந்தோர் பாதி நாள் மூடிக் கிடந்ததால் ஊருக்கு வந்திருந்தார். ஊரில் வீட்டைவிட்டு வெளியே வரவேயில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் இராணுவம் வெல்லதொட்டவை வளைத்து, ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனது. வரிசையில் நிற்கச் சொன்னார்கள். தலையைக் குனிந்து நிலத்தைப் பார்க்கச் சொன்னார்கள். ஜீப்பிலிருந்து, இடுப்பு வரைக்கும் சாக்குக் கவிழ்த்த ஒருவனை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள்.

எட்வினுக்குப் பயத்துக்குள்ளேயும் ஒரு பைத்தியக்கார எண்ணம் ஓடியது: இது என் நாடகம், நான் எழுதிய காட்சி இது. இராணுவத்துக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுக்க நாடகக்காரன் தேவையில்லை என்று பின்னால் யசவதி எத்தனை தரம் சொல்லியும் அந்த எண்ணம் அவரைவிட்டுப் போகவில்லை.

தலை குனிவது மற்றவர்களுக்குத் தண்டனை, எட்வினுக்கு அது சின்ன வயதுப் பழக்கம். ஆகவே அந்த மைதானத்தில் அவர் மட்டும்தான் வருகிற கால்களைச் சரியாகப் பார்த்தார். வீங்கிப்போன பாதங்கள். இழுத்து இழுத்து வந்தன. இரண்டு விரலில் நகம் இல்லை. அவை வரிசையில் தச்சுப்பட்டறைக்காரனைத் தாண்டி, தேத்தண்ணிக் கடைக்காரனின் தம்பியிடம் நின்றன. மேலே என்ன நடந்ததென்று எட்வின் பார்க்கவில்லை. அந்தப் பெடியனைப் பிடித்து இழுத்தபோது அவன் செருப்பொன்று மட்டும் அங்கேயே கிடந்தது. பிறகு கால்கள் எட்வினுக்கு முன்னால் வந்து நின்றன.

இடதுகால் பெருவிரல் மெல்ல மேலே எழும்பியது.

எட்வின் நிமிர்ந்து பார்த்தார். சாக்கின் ஓட்டைக்குள் ஒரு கண் ஈரமாகத் தெரிந்தது. அவர் பார்த்ததை அந்தக் கண்ணும் பார்த்தது. இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. சோமே நாடியை இறக்கினால் முடிந்தது கதை. எட்வினின் காற்சட்டை நனைந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பயனில்லை, அன்றைக்கு அங்கே நனையாத காற்சட்டை குறைவு. சாக்கு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்தில் நின்றவன் துப்பாக்கிப் பிடியால் அதை இடித்தான். சாக்கு அசையாமல் அடுத்த ஆளுக்குப் போனது.

அன்றைக்குக் கொண்டுபோன மூவரில் ஒருவரும் திரும்பவில்லை.

ஊருக்குப் பழி தீர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தலையாட்டி யார்? வரிசையில் நின்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் காலை இழுத்தான் என்பதுதான். இன்னொன்றும் தெரிந்திருந்தது: சாக்கு எட்வினுக்கு முன்னால் நெடுநேரம் நின்று, அவரை விட்டுவிட்டுப் போனது. அது ஏன்?

மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரம் இரண்டு பேர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். 'சின்ன அரசாங்க'த்தின் வெளியூர்ப் பெடியன்கள். ஒருவன் கண்ணாடி போட்டவன், கம்பஸில் படிக்கிற பிள்ளை போல மரியாதையாகப் பேசினான். மற்றவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். யசவதி தேத்தண்ணி வைக்கப் போனாள். குசினிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டது.

"எட்வின் மாத்தயா, உங்கட 'சாக்குக்காரன்' நான் காலியில பாத்தன். நல்லாச் சிரிச்சன்."

"சந்தோசம் தம்பி."

"இப்ப சிரிப்பு வரேல்ல. அந்தத் தலையாட்டி ஆரு?"

"சாக்குக்குள்ள இருந்தா ஆரெண்டு எப்பிடித் தம்பி தெரியும்?"

சுவரில் சாய்ந்தவன் சிரித்தான். "கலியாண வீட்டில ஊர் முழுக்க நடந்து காட்டுற மனிசன், கண்ணுக்கு முன்னால நிண்டவனைத் தெரியாதாம். மச்சான், இவருக்கு வயசு போட்டுது போல."

"மாத்தயா, உங்களை ஏன் விட்டவன் எண்டும் சனம் கேக்குது," என்றான் கண்ணாடிக்காரன், இன்னும் மரியாதையாகவே. "அவன் உங்களுக்கு வேண்டியவனோ? இல்லாட்டி நீங்க அவங்களுக்கு வேண்டியவரோ? எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான். பேர் தெரியாட்டிப் பரவாயில்ல. அவன் எப்பிடி நடந்தான் எண்டு மட்டும் நடந்து காட்டுங்கோ. ஆளை நாங்க பிடிப்பம்."

சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்த தலையணை உறையை உருவி எட்வினிடம் நீட்டினான்.

அந்த உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட நேரம்தான் எட்வின் தன் வாழ்நாளிலேயே ஆகப் பெரிய பயத்தைப் பட்டார். சோமேயின் நடையைக் காட்டினால் சோமே செத்தான். நகத்தைப் பிடுங்கிச் சாக்கைக் கவிழ்த்த பிறகும் தன்னை விட்டவன். காட்டாவிட்டால் தானும் யசவதியும். ஒரு நடையைப் புதிதாக உண்டாக்கலாம். ஆனால் அது எங்கேயோ ஒருவனுடைய நடையாகத்தான் இருக்கும், காலில்லாத மனிதன் ஊரில் இல்லையே. யாருடைய நடையை எடுத்தாலும் அவன் தலை போகும். இழுப்பும் இருக்க வேண்டும், இழுத்தான் என்பதை ஊரே சொல்லியிருக்கிறது. உறைக்குள் மூச்சு முட்டியது. அப்போதுதான் செத்துப்போன ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். மண்ணுக்குள் இருப்பவரை யார் என்ன செய்ய முடியும்?

எட்வின் இடது தோளை இறக்கினார். வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினார். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நடந்தார், மூன்றாவது அடியில் மெல்ல இழுத்தார். கிரிகோரிஸ் அந்த வீட்டுக்குள் நடந்தார். இவ்வளவு அச்சொட்டாக அவர் எந்த மேடையிலும் நடித்ததில்லை. உயிர்ப்பயம் வந்தால் கலை பிழைக்காது என்று சொல்பவர்கள் எட்வினை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

"இன்னொருக்கா," என்றான் சுவரில் சாய்ந்தவன். அவன் இப்போது சாயவில்லை, நிமிர்ந்து நின்றான். எட்வின் மறுபடி நடந்தார்.

"மச்சான், இந்த நடையை நான் எங்கயோ பாத்திருக்கிறன்."

எட்வின் உறையைக் கழற்றினார். "எங்க தம்பி?"

"தெரியேல்ல. பின்னால இருந்து பாத்த ஞாபகம். இந்த ஊருக்குள்ளதான். வரும், வரும், யோசிச்சா வரும்."

தேத்தண்ணியைக் குடித்து முடித்து, யசவதி நோனாவுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எட்வின் கதிரையில் விழுந்தார். உடம்பு தெப்பமாக நனைந்திருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு அற்பப் பெருமை. "யசோ, தப்பிட்டம்," என்றார். "ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

யசவதி குசினி வாசலிலேயே நின்றாள். "அது கிரிகோரிஸ் அண்ணன்ட நடையெல்லோ?"

"ஓம். செத்த மனிசன். அவரை இனி ஆரு சுடப்போறான்?"

"உபசேன நடக்கிறதைப் பாத்திருக்கிறீங்களா?"

எட்வின் கதிரையிலிருந்து எழும்பினார்.

"நீங்க கொழும்பில கிடந்தீங்க. அவன் சின்னதிலயே தகப்பனுக்குப் பின்னால மேளப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன். தோள், கால், அந்த இழுப்பு, எல்லாம் அப்பிடியே. மைதானத்தில அவன் உங்களுக்கு ரெண்டு ஆள் தள்ளி நிண்டானாம். வெளியூர்ப் பெடியன்கள் அதைச் சொன்னா நம்புவாங்களோ? நீங்க கடவுளே எண்டு போய் அவன்ட தலையைக் குடுத்திட்டு வந்து தப்பிட்டம் எண்டு சொல்றீங்க."

கிரிகோரிஸின் மகன் உபசேன. தச்சுப்பட்டறைக்காரன். ஊரின் எல்லாக் கால்களும் தெரிந்த எட்வினுக்கு அவன் கால் தெரியாமல் போனது. மைதானத்தில் எல்லாரையும் போல அவனும் நின்றான், நடக்கவில்லையே.

விடிந்ததும் எட்வின் ஓடினார். நாய்கள் குரைத்தன, அவர் அவற்றுக்குப் பயப்பட மறந்துபோனார். உபசேன பட்டறைக்குப் போகும் ஒழுங்கையால் பலகையொன்றைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். நாற்பதை நெருங்குகிற மனிதன், தலையில் வழுக்கை விழத் தொடங்கியிருந்தது. முகம் தாயைப் போல. ஆனால் பின்னாலிருந்து பார்த்தால் கிரிகோரிஸ் எழும்பி வந்து நடப்பது போல இருந்தது. மூன்றாவது அடியில் அந்த இழுப்பைப் பார்த்தபோது எட்வின் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

பட்டறைக்குள் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். சோமேயின் பேரைத் தவிர எல்லாவற்றையும். கிரிகோரிஸின் மனைவி பொடிநோனா மூலையில் தென்னோலை கிழித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். உபசேன உளியைக் கீழே வைத்தான். எட்வின் ஒரு அடி பின்னால் போனார்.

"அப்பாட நடையைக் கொண்டுபோய் வித்திட்டு வந்திருக்கிறீங்க."

"உபசேன, நான் நினைச்சது..."

"நீங்க என்ன நினைச்சீங்க எண்டு எனக்குத் தெரியும். மேளக்காரன் செத்திட்டான், அவனுக்கு ஆர் இருக்கினம் கேக்க? எங்கட அப்பா செத்ததுக்கு நீங்க வரவுமில்ல, படம் எடுக்கப் போயிருந்தீங்க."

அதுவும் உண்மைதான். எட்வின் தலை குனிந்து நின்றார். பொடிநோனாதான் பேசினாள். "ஏச்செல்லாம் பிறகு ஏசலாம். பிள்ளை தப்புற வழியைச் சொல்லுங்கோ."

ஒரே வழி கொழும்பு பஸ். மறுநாள் காலையில் ஒன்று வரும் என்று கேள்வி. ஆனால் பஸ் நிற்பது சந்தியில். சந்தியில் மூடிக்கிடக்கும் சலூன் வாங்கில் அந்த இருவரும் காலையிலிருந்து உட்கார்ந்து போகிற வருகிற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒழுங்கையிலிருந்து பஸ் வரைக்கும் அவர்கள் கண்ணுக்கு முன்னால் நடக்க வேண்டும். சுற்றிப் போனால் கடல், இந்தப் பக்கம் போனால் இராணுவ முகாம்.

"அப்ப நான் வேற மாதிரி நடக்கிறன்," என்றான் உபசேன. எழும்பி நடந்தான். தோள் நிமிர்ந்தது, கால் இழுத்தது. கால் நேரானது, தோள் இறங்கியது. இரண்டையும் பிடித்தபோது மரக்கட்டை போல இருந்தது. ஒரு குருடன்கூடச் சொல்லுவான் இவன் எதையோ ஒளிக்கிறான் என்று.

"மறைக்காத," என்றார் எட்வின். "மறைக்கிறவனைத்தான் முதல்ல பிடிப்பான். வேற ஒருத்தன்ட நடையை எடுத்துப் போட்டுக்கொள்ளோணும், சட்டை மாதிரி."

"ஆர்ட? இன்னொரு பாவியையும் கொல்லவோ?"

எட்வினிடம் அதற்குப் பதில் இருந்தது. வாழ்நாளெல்லாம் ஊராருடைய நடைகளை நடந்தவர், மேடையில் ஒருநாளும் நடந்திராத ஒரு நடை மிச்சம் இருந்தது. "என்ட நடையை எடு," என்றார்.

பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு பொழுது முழுக்க நடந்தார்கள். மரத்தூளில் எட்வினின் காலடிகள், அதற்கு மேல் உபசேனவின் காலடிகள். குறுகிய, அவசர நடை. முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்திருக்கும், எந்த நேரமும் ஓடத் தயார் போல. கை உடம்போடு ஒட்டியிருக்கும். தலை கொஞ்சம் முன்னால், பார்வை நிலத்தில். தன்னைத்தானே நடந்து காட்டியபோதுதான் எட்வினுக்குத் தெரிந்தது, தான் இவ்வளவு காலமும் தகப்பனின் படலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறோம் என்பது.

"இப்பிடியா நடக்கிறீங்க?" என்றான் உபசேன. "அடி வாங்கின நாய் மாதிரி?"

"ஓம். அப்பிடியே நட. வயித்துக்குள்ள பயம் இருந்தா கால் தானா வரும்."

"பயத்துக்கு இண்டைக்குப் பஞ்சமில்ல," என்றான் அவன்.

மறுநாள் பஸ் வந்துவிட்டது. எட்வின் பாண் வாங்கப் போகிறவர் போல ஒரு பையோடு முன்னாலேயே போய் எதிர்ப்பக்கம் நின்றார். ஒழுங்கை வாசலில் உபசேன வந்தான். சலூன் வாங்கில் இருவரும் நிமிர்ந்தார்கள். தாரில் அவன் காலடி விழ விழ எட்வினின் நெஞ்சில் விழுந்தது. தோள் நேராக இருந்தது. முதலாம் அடி, இரண்டாம் அடி, மூன்றாம் அடி. இழுக்கவில்லை. அவர் மூச்சு விட்டார்.

"டேய், நில்லு!" என்றான் சாரக்காரன்.

உபசேன நின்றான். எட்வினின் கையிலிருந்து பை விழுந்தது.

சாரக்காரன் எழும்பி வந்து அவனைச் சுற்றிப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "மச்சான், இஞ்ச வந்து பாரு! எட்வின் மாத்தயாட நடை, அச்சு அசல்! டேய், உன்ட அம்மாவிட்ட எப்பவாவது கேட்டுப் பாத்தியா, அந்தக் காலத்தில நாடகம் பாக்கப் போனவவோ எண்டு?"

பஸ்ஸுக்கு நின்ற சனம் சிரிக்க வேண்டியிருந்ததால் சிரித்தது. கோபக்காரன் உபசேன. தாயைப் பற்றி ஒரு சொல் சொன்னவனின் பல்லை முன்னொருநாள் உடைத்தவன். எட்வின் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது தோள் இறங்கப்போகிறது, இப்போது அடிக்கப்போகிறான்.

உபசேன நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அடி வாங்கின நாய் போலச் சிரித்தான். "போங்க ஐயா, பகிடி விடாதீங்க," என்றான். குறுகிய அவசர அடிகளோடு போய் பஸ்ஸில் ஏறினான்.

அன்று பின்னேரமே சாரக்காரனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. பட்டறைக்குப் போனார்கள். ஆள் இல்லாததால் பட்டறையை எரித்தார்கள், பொடிநோனாவை அறைந்தார்கள். அதன்பிறகு எட்வின் ஒவ்வொரு அந்தியிலும் படலைச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். அவர்கள் வரவில்லை. கார்த்திகையில் அந்த இருவரையும் இராணுவம் பிடித்ததாகவும், ஆற்றங்கரையில் கிடந்ததாகவும் சொன்னார்கள். கண்ணாடி மட்டும் உடையாமல் கிடந்ததாம். ஊரில் ஒருவரும் சந்தோசப்படவில்லை. சோமேயும் திரும்பி வரவில்லை. எட்வின் அவன் பேரை வெகுகாலத்துக்குப் பிறகு யசவதியிடம் மட்டும் சொன்னார், அதுவும் காதுக்குள்.

பிறகு நாடு கொஞ்சம் மூச்சு விட்டது. எட்வின் படங்களில் நடித்தார், இரண்டு பரிசும் வாங்கினார். ஆனால் வில்லனாக ஒப்புக்கொள்ளவில்லை, உட்கார்ந்திருக்கிற வேடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்: நோயாளி, நீதிபதி, மூப்பு வந்த தகப்பன். கலியாண வீடுகளில் "மாத்தயா, ஒருக்கா நடந்து காட்டுங்கோ" என்று கேட்டால் முழங்கால் வலி என்பார். நாடகமும் எழுதவில்லை. விமர்சகர் ஒருவர் அவருக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று எழுதினார். பயம் தீரவில்லை என்பது அந்த விமர்சகருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆறேழு வருசம் கழித்து, வெசாக் பண்டிகை முடிந்த கையோடு, பொடிநோனா ஆள் அனுப்பினாள். உபசேன கொழும்பிலிருந்து வந்துவிட்டான், இனிப் போகமாட்டான். எட்வின் தயங்கித் தயங்கிப் போனார். புதுப் பட்டறைக்குத் தூண் நட்டிருந்தார்கள். பொடிநோனா அவருக்குப் பாற்சோறும் கித்துள் கருப்பட்டியும் வைத்துவிட்டு எதிரே குந்தினாள்.

"ஒழுங்கை முனையில ஆள் வரேக்க நீங்கதான் வாறீங்க எண்டு நினைச்சன் மாத்தயா," என்றாள். "வாங்கோ எண்டு கூடச் சொல்லிட்டன். கிட்ட வந்த பிறகுதான் என்ட பிள்ளை."

உபசேன முற்றத்தைக் கடந்து வந்தான். குறுகிய, அவசர நடை. முழங்கால் மடிந்து, கை ஒட்டி, பார்வை நிலத்தில். எட்வின் கையிலெடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். ஒரு பொழுதுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்த சட்டை, அவன் உடம்பில் ஒட்டிப்போயிருந்தது.

"கழட்ட ஏலாமல் போட்டுது," என்றான் உபசேன. கோபமில்லை, களைப்புத்தான். "கொழும்பில ஒவ்வொரு செக்பொயின்டிலயும் இப்பிடியே நடந்தன். இப்ப அப்பா எப்பிடி நடந்தவர் எண்டு யோசிச்சுப் பாக்கிறன், வரேல்ல."

"மனிசன் செத்ததுக்கு நான் இவ்வளவு அழேல்ல," என்றாள் பொடிநோனா. "இவன் நடக்கேக்க மனிசன் ஊருக்குள்ள இருக்கிறார் எண்டு இருந்தன். இப்ப அதுவும் இல்ல. உங்களுக்குத் தெரியும்தானே மாத்தயா? அண்டைக்கு அவங்களுக்கு நடந்து காட்டினீங்களே. எங்களுக்கும் ஒருக்கா நடந்து காட்டுங்கோ."

எட்வின் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். முற்றத்தின் நடுவில் போய் நின்றார். நல்ல வெயில், ஒழுங்கையில் ஐஸ்பழக்காரனின் மணிச் சத்தம் மட்டும். ஆனாலும் அவர் படலையடிக்குப் போய், ஒழுங்கையின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். பிறகு ஒருதரம், இன்னொரு தரம் பார்த்தார். யாரும் இல்லை. படலையைச் சாத்திக் கொண்டியைப் போட்டார்.

திரும்பி வந்து இடது தோளை இறக்கினார். வலது பாதம் திரும்ப மறுத்தது, அதைத் திருப்பினார். உபசேன வந்து, சின்னப் பிள்ளையாக மேளப் பையோடு நடந்த அதே இடத்தில், அவருக்குப் பின்னால் நின்றான். இருவரும் நடந்தார்கள். ஒன்று, இரண்டு. மூன்றாவது அடியில் இருவருக்கும் பயத்தில் கால் அப்படியே நின்றுவிட்டது.

"இப்ப இழுங்கோ," என்றாள் பொடிநோனா.